ஸ்டேடியத்தில் ராக் கச்சேரி: டிக்கெட் வரிசை முதல் கடைசி ரயில் வரை

உலகின் பெரிய ராக் குழுக்களை நேரில் கேட்க லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோதான் போக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. 2019 டிசம்பர் 15 அன்று நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் யூ2 முதன்முறையாக இந்தியாவில் வாசித்தது. அன்று ஏ.ஆர். ரஹ்மானும் அவருடைய மகள்களும் அந்த மேடையில் சேர்ந்து பாடினார்கள். 2025 ஜனவரி 18, 19, 21 தேதிகளில் அதே ஸ்டேடியத்தில் கோல்ட்பிளே மூன்று இரவுகள் வாசித்தது. அதே மாதம் 25, 26 தேதிகளில் அகமதாபாத்தின் நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் அந்தக் குழுவைக் கேட்க ஒவ்வோர் இரவும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கூடினார்கள்.

இந்த வழிகாட்டியை நவி மும்பை ஸ்டேடியத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன், அதிலும் தமிழ்நாட்டிலிருந்து போகும் ஒருவருக்காக. பயண விவரங்களைத் தவிர மற்றவை எந்த ஊர் ஸ்டேடியத்துக்கும் பொருந்தும். ஒரு கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடைக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கலாம் என்றுதான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். நாம் போவது கேட்பதற்கு. எந்த இடத்தில் இசை தெளிவாகக் கேட்கும் என்ற கேள்வியிலிருந்து திட்டத்தைத் தொடங்கினால் டிக்கெட், பயணம், உடை, உடல்நலம் எல்லாம் அதன் பின்னால் சரியாக அமையும்.

டிக்கெட் விற்பனை நாள்

கோல்ட்பிளே டிக்கெட்டுகள் 2024 செப்டம்பர் 22 நண்பகலில் விற்பனைக்கு வந்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் புக்மைஷோவில் நுழைந்தார்கள். இடங்களோ மூன்று இரவுகளுக்கும் சேர்த்து ஓரிரு லட்சம்தான். இப்படிப்பட்ட வரிசையில் பெரும்பங்கு அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டம் வாய்த்த பிறகும் தயாரிப்பு இல்லாமல் கோட்டைவிடுவதை நம்மால் தவிர்க்க முடியும்.

முந்தைய நாளே கணக்கில் நுழைந்து கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சரிபார்த்துவிடுங்கள். கார்டு விவரங்களைப் பதிந்து வையுங்கள். யுபிஐ வழியே செலுத்துவதானால் உங்கள் வங்கியின் ஒருநாள் வரம்பைப் பாருங்கள். விலை உயர்ந்த இடங்கள் என்றால் நான்கு டிக்கெட்டுகளின் தொகை வரம்பைத் தாண்டிவிடக்கூடும். காத்திருப்புப் பக்கம் திறந்ததும் உள்ளே போங்கள். அதன் பிறகு பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், வரிசை எண் போய்விடக்கூடும்.

எந்த விலை, எந்தப் பகுதி என்று மூன்று தேர்வுகளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வந்ததும் முதல் தேர்வு இல்லையென்றால் யோசிக்காமல் இரண்டாவதற்குப் போக வேண்டும். அந்தக் கோல்ட்பிளே கச்சேரிகளில் 2,500 ரூபாயிலிருந்து 35,000 ரூபாய் வரை இடங்கள் இருந்தன. மேடை முன்னே நிற்கும் தரைப்பகுதிக்கு 6,450 ரூபாய்.

டிக்கெட் கிடைக்காவிட்டால் அன்றே மனம் தளர வேண்டாம். வரிசை நீளமாக இருந்தால் அமைப்பாளர்கள் கூடுதல் இரவை அறிவிப்பது வழக்கம். மும்பையில் 21ஆம் தேதி அப்படித்தான் சேர்ந்தது. கோல்ட்பிளே குழு தன் சுற்றுப்பயணங்களில் குறைந்த விலையில் சில டிக்கெட்டுகளைப் பிற்பாடு தனியே விடுகிறது. இந்தியாவில் 2024 நவம்பர் 22 அன்று அவை 2,000 ரூபாய்க்கு வந்தன, ஜோடியாக மட்டும். இன்னொரு வாய்ப்பும் உண்டு. மேடையும் திரைகளும் எங்கே வரும் என்று உறுதியாகத் தெரியாததால் சில இடங்களை ஒதுக்கி வைத்திருப்பார்கள். மேடை எழும்பியதும் பார்வை மறைக்காத இடங்களைக் கடைசி நாட்களில் விற்பனைக்கு விடுவார்கள். கச்சேரிக்கு முந்தைய வாரம் தினமும் செயலியைத் திறந்து பார்ப்பது வீண் வேலை அல்ல.

மறுவிற்பனைக்காரர்களிடம் மட்டும் போகாதீர்கள். கோல்ட்பிளே டிக்கெட்டுகளுக்கு லட்சக்கணக்கில் விலை சொன்னார்கள். அவை செல்லுமா என்பது வாசலில் ஸ்கேன் செய்யும்போதுதான் தெரியும். ரசிகரின் ஏக்கத்தை விலைக்கு விற்பவருக்குப் பணம் கொடுப்பது அடுத்த கச்சேரியையும் கெடுக்கிறது.

எங்கே நிற்பது, எங்கே உட்காருவது

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடியபோது சுமார் 55,600 பேர் வந்திருந்தார்கள். மேடையில் இருந்தவை 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள். மற்றபடி விளையாட்டு அறிவிப்புக்கான ஸ்டேடிய ஒலிபெருக்கிகள். ரசிகர்களின் கூச்சலில் பாட்டு மூழ்கிப்போனது. ஸ்டேடியம் இசைக்காகக் கட்டப்பட்ட இடம் அல்ல, அன்றும் இன்றும். வளைந்த கேலரியிலும் கூரையிலும் ஒலி மோதித் திரும்பி வரும். இந்தக் குறையை வெல்லவே அறுபது ஆண்டுகளாக ஒலிப் பொறியாளர்கள் உழைத்துவருகிறார்கள்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி இருப்பவருக்கு டிரம் அடி கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாகக் கேட்கும். கண்ணுக்கு அடி முதலில் தெரியும், காதுக்கு ஒலி பின்னால் வரும். தூரத்தில் இருப்பவர்களுக்கும் தெளிவாகக் கேட்க, தரையின் நடுப்பகுதியில் ஒலிபெருக்கிக் கோபுரங்களை நிறுத்துவார்கள். மேடையிலிருந்து வரும் ஒலி அந்த இடத்தை எட்டும் கணத்தில்தான் கோபுரத்திலிருந்தும் ஒலி கிளம்பும்படி அதைச் சிறிது தாமதப்படுத்துவார்கள். டிலே டவர் என்று அவற்றை அழைக்கிறார்கள்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. தரையின் நடுவில், மேடைக்கு நேர் எதிரே, ஒரு கூடாரத்துக்குள் ஒலிப் பொறியாளர் மிக்ஸிங் மேசையோடு உட்கார்ந்திருப்பார். அவர் காதுக்கு எது சரியாகக் கேட்கிறதோ அதைத்தான் எல்லோருக்கும் அனுப்புகிறார். எனவே அந்தக் கூடாரத்துக்குச் சற்று முன்னே நிற்பவருக்கு அன்றைய இரவின் மிகச் சிறந்த ஒலி கிடைக்கும். நிற்கும் டிக்கெட் வாங்கியவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

உட்காரும் டிக்கெட் என்றால் மேடைக்கு நேர் எதிரே உள்ள கேலரியின் கீழ் அடுக்கு, அல்லது பக்கவாட்டில் அந்தக் கூடாரத்தின் வரிசைக்கு நேராக வரும் பகுதி. மேடையை ஒட்டிய பக்கவாட்டு இடங்கள் வரைபடத்தில் ஆசையைத் தூண்டும். அங்கே இருப்பவர்களுக்கு ஒலிபெருக்கிகளின் முதுகோ விலாவோதான் தெரியும், திரையும் மறையும். கூரைக்கு அடியில் ஆழமாக இருக்கும் கடைசி வரிசைகளில் எதிரொலி கலங்கலாக இருக்கும். மேல் அடுக்கின் முன்வரிசை அதைவிட நல்லது. விளக்குகளும் கூட்டமும் முழுக் காட்சியாக விரிவதை அங்கிருந்துதான் பார்க்க முடியும்.

மூன்றாவது, பாஸ் கிட்டாரும் பெரிய டிரம்மும். அவற்றின் தாழ்ந்த ஒலி மேடையின் மையக்கோட்டில் குவிந்து கனமாக விழும். நெஞ்சுக்கூடு அதிர வேண்டும் என்று விரும்புபவர்கள் மையக்கோட்டைப் பிடியுங்கள். பாடகரின் குரல்தான் முக்கியம் என்பவர்கள் ஐந்தாறு மீட்டர் ஓரமாக நகர்ந்து பாருங்கள்.

உயரம் குறைந்தவர்கள் தரைப்பகுதிக்குப் பணம் செலவழிக்கும் முன் யோசிக்க வேண்டும். அது சமதளம். முன்னால் நிற்பவர் தோழியைத் தோளில் தூக்கிவிட்டால் பிறகு திரைதான் கதி. குழந்தைகளோடும் பெற்றோரோடும் போகிறவர்களுக்குக் கீழ் கேலரியே தகும்.

போய்ச் சேரும் வழி

டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியம் சயான்–பன்வெல் நெடுஞ்சாலையை ஒட்டி நெருலில் இருக்கிறது. நெருல், ஜுய்நகர் ரயில் நிலையங்கள் இரண்டிலிருந்தும் நடந்து போகலாம். கச்சேரி நாளில் கார் எடுப்பது நெடுஞ்சாலையில் பொழுதைக் கழிக்கும் திட்டம். ரயில்தான் வழி.

சென்னையிலிருந்து மும்பை ரயிலில் வருபவர்கள் நகருக்குள் போய்த் திரும்ப வேண்டியதில்லை. கல்யாணில் இறங்கி லோக்கல் ரயிலில் தாணே வந்து, அங்கிருந்து டிரான்ஸ் ஹார்பர் வழித்தடத்தில் நெருலுக்கு வரலாம். வாஷிக்கு மட்டும் போகும் வண்டிகளும் அந்தத் தடத்தில் உண்டு. பன்வெல் அல்லது நெருல் என்று பலகை இருக்கும் வண்டியில் ஏறுங்கள். நகரிலிருந்து வருபவர்களுக்குக் குர்லா, செம்பூர் வழியாக ஹார்பர் ரயில். ஞாயிற்றுக்கிழமை கச்சேரி என்றால் பராமரிப்புக்காகப் பகல் வேளையில் ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக் அறிவிப்பை முதல்நாளே பாருங்கள்.

வாஷி, நெருல், பேலாப்பூர் விடுதிகளின் வாடகை டிக்கெட் விற்பனை தொடங்கிய சில மணி நேரத்திலேயே ஏறிவிடும். கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையை விற்பனைக்கு முன்பே பிடித்து வையுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் செம்பூர் நல்ல மாற்று. ஹார்பர் தடத்தில் நேர் ரயில் இருக்கிறது. தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் பகுதி என்பதால் கச்சேரிக்கு முன் வயிற்றைக் குழப்பாத இட்லியும் சாம்பாரும் ரசஞ்சாதமும் கிடைக்கும்.

பாடல்களோடு பழகுதல்

இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். பல குழுக்கள் ஒரு சுற்றுப்பயணம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே பாடல் வரிசையைத்தான் வாசிக்கின்றன. முந்தைய ஊர்களில் என்ன வாசித்தார்கள் என்பதை ரசிகர்கள் இணையத்தில் பதிவு செய்கிறார்கள். அந்த வரிசையில் உங்களுக்குத் தெரியாத பாடல்களை இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே கேளுங்கள். புகழ்பெற்ற பாடல்கள் எப்படியும் உங்களை ஆட்கொள்ளும். அறிமுகமில்லாத பாடல்களின்போதுதான் கூட்டம் கைப்பேசியை எடுக்கிறது, பேச ஆரம்பிக்கிறது. அந்தப் பாடல்களையும் அறிந்திருந்தால் இரண்டு மணி நேரமும் உங்களுடையது.

பல்லாயிரம் பேர் சேர்ந்து பாடும் பல்லவிகளை மனப்பாடம் செய்யுங்கள். பாடகர் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டும் இடங்கள் பழைய நேரலைப் பதிவுகளில் தெரியும். எது எப்போது வரும் என்று அறியாத பரவசமே வேண்டும் என்பவர்கள் வரிசையைப் பார்க்காமல் கடைசி இரண்டு ஆல்பங்களை மட்டும் கேட்டுவிட்டுப் போகலாம்.

பையிலும் உடலிலும்

காதடைப்பான் வாங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு போன்றவை ஒலியை மந்தமாக்கும். இசைக்கென்றே செய்யப்பட்டவை ஒலியின் தன்மையைக் கெடுக்காமல் அளவை மட்டும் குறைக்கும். 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் அது 15 நிமிடம்தான். ராக் கச்சேரி அந்த அளவை எளிதாகத் தொடும், இரண்டு மணி நேரம் நீடிக்கும். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. இசையை நேசிப்பவர் காதைக் காப்பாற்றியே ஆக வேண்டும். குழந்தைகளுக்குக் காதை முழுவதும் மூடும் கவசம் வேண்டும்.

பழகிய, முன்பக்கம் மூடிய காலணி. பருத்தி உடை. சிறிய பை. குடை, செல்ஃபி குச்சி, பெரிய கேமரா, வெளியிலிருந்து கொண்டுவரும் தண்ணீர் ஆகியவற்றை நம் ஊர் ஸ்டேடியங்களில் பெரும்பாலும் தடுத்துவிடுவார்கள். பவர் பேங்க்கும் சில இடங்களில் தடை. அனுமதிப் பட்டியலை அமைப்பாளர் வெளியிட்டதும் படித்துவிடுங்கள். டிக்கெட்டின் கியூஆர் குறியீட்டைப் படமாகச் சேமித்து வையுங்கள். ஸ்டேடியத்தில் இணையம் முடங்கிவிடும்.

வாசல் திறக்கும் நேரம்

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குத்தான் முக்கியக் குழு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒலி மாசு விதிகள் 2000இன்படி திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். அதனால் நம் நாட்டுக் கச்சேரிகள் சீக்கிரம் தொடங்கி 10 மணிக்குள் முடிகின்றன. மாலை நான்கு, ஐந்து மணிக்குள் உள்ளே இருப்பது நல்லது.

உள்ளே போனதும் முதலில் வெளியேறும் வழிகள் இரண்டைப் பார்த்து வையுங்கள். நுழைந்த வாசலே அருகில் இருக்க வேண்டும் என்பதில்லை. மருத்துவ உதவிக் கூடம், தண்ணீர், கழிவறை ஆகியவை எங்கே என்றும் பாருங்கள். நண்பர்கள் பிரிந்துவிட்டால் கூடும் இடம் ஒன்றை அடையாளத்தோடு முடிவு செய்யுங்கள். டி-ஷர்ட் வாங்குவதானால் அப்போதே வாங்கி உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். கச்சேரி முடிந்தபின் உங்கள் அளவு இருக்காது.

முதலில் வாசிக்கும் துணைக்கலைஞர்களைக் கேளுங்கள். மும்பையில் கோல்ட்பிளேக்கு முன் ஜஸ்லீன் ராயல், எல்யானா போன்றவர்கள் பாடினார்கள். முக்கியக் குழு தானே அழைத்து வந்தவர்கள் அவர்கள் என்ற மரியாதை வேண்டும். கழிவறைக்குப் போக அவர்களுடைய கடைசிப் பாடலுக்குச் சற்று முன்பே கிளம்புங்கள். இடைவேளை தொடங்கியபின் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

கூட்டத்துக்குள்

1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ குழுவின் கச்சேரிக்கு வந்த 11 பேர் அரங்க வாசல் நெரிசலில் இறந்தார்கள். 2000ஆம் ஆண்டு டென்மார்க்கின் ராஸ்கில்ட் விழாவில் பேர்ல் ஜாம் வாசித்துக்கொண்டிருந்தபோது மேடை முன்னே 9 பேர் இறந்தார்கள். இசை கேட்க வந்த இளைஞர்கள். இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல, நெரிசல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர் தன்னையும் பக்கத்தில் இருப்பவரையும் காக்க முடியும் என்பதால்தான்.

நெரிசலில் மிதிபடுவதைவிட மூச்சுத் திணறலே அதிகம் கொல்கிறது. நின்றபடியே மார்பு விரிய இடமில்லாமல் போவது. ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நின்றால் அபாயம் தொடங்குகிறது. உங்கள் கையை முகத்துக்கு உயர்த்த முடியவில்லை, விரும்பாமலே கால்கள் நகர்கின்றன என்றால் அந்த அளவைத் தாண்டிவிட்டீர்கள். உடனே வெளியேறத் தொடங்குங்கள். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கைகளை மடக்கி மார்புக்கு முன்னே வைத்துக்கொள்ளுங்கள், மூச்சுக்கு இடம் இருக்கும். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாக ஊன்றுங்கள். கூட்டம் அலையாக முன்னே சாயும்போது எதிர்த்துத் தள்ளாமல் அதனோடு போங்கள். அலை ஓய்ந்ததும் குறுக்காக, ஓரத்தை நோக்கி இரண்டு அடி. அடுத்த ஓய்வில் மீண்டும் இரண்டு அடி. கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். யாராவது விழுந்தால் சுற்றியிருப்பவர்கள் வட்டமாக நின்று தூக்கிவிட வேண்டும். ராக் ரசிகர்களிடையே இது எழுதாத சட்டம், எந்த முரட்டு ஆட்டத்தின் நடுவிலும். முன்தடுப்பில் நிற்கும் காவலர்களிடம் கையை உயர்த்தினால் தண்ணீர் தருவார்கள், தேவைப்பட்டால் தடுப்புக்கு மேலே தூக்கி வெளியே எடுப்பார்கள்.

தரையின் நடுவில் இரண்டாவது தடுப்பு ஒன்று போடப்பட்டிருந்தால் அதன் மேல் சாய்ந்து நில்லுங்கள். முன்னே இடைவெளி, கைக்குப் பிடி, ஒலிக்கூடாரமும் பக்கத்தில். மேடையோரத்தை விட்டுக்கொடுத்தவருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பரிசு அந்த இடம்.

பாட்டு தொடங்கியபின்

ஒரு பாடலைப் பதிவு செய்யுங்கள், பிறகு கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். உயர்த்திய உங்கள் கை பின்னால் இருப்பவரின் மேடையை மறைக்கிறது. கைப்பேசியின் சிறிய மைக் அந்த ஒலியை எப்படியும் நசுக்கித்தான் பதியும். பாடுங்கள், ஆனால் மெதுவான பாடலின் நடுவே நண்பரிடம் கதை பேசாதீர்கள்.

குழு விடைபெற்று உள்ளே போனாலும் ஸ்டேடிய விளக்குகள் எரியவில்லையென்றால் கச்சேரி முடியவில்லை. திரும்பி வந்து இன்னும் சில பாடல்களை வாசிப்பார்கள், பெரும்பாலும் மிகச் சிறந்தவற்றை. நெரிசலுக்குப் பயந்து அதற்கு முன்பே கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். எல்லா விளக்குகளும் எரிந்து, பதிவு செய்த இசை ஒலிக்கத் தொடங்கினால்தான் முடிவு. ஒளிரும் மணிக்கட்டுப் பட்டைகளைக் கொடுத்திருந்தால் வாசலில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஊர் ரசிகர்களுக்கு அவையே போகின்றன.

திரும்பும் வழியும் மறுநாளும்

இருக்கையில் இருபது முப்பது நிமிடங்கள் உட்கார்ந்திருங்கள். முதல் நெரிசல் வடிந்ததும் நடந்து ரயில் நிலையத்துக்குப் போகலாம். ரிட்டர்ன் டிக்கெட்டை மாலையிலேயே எடுத்திருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம். நெருல் நடைமேடை நிரம்பி வழிந்தால் ஜுய்நகருக்குப் போங்கள். வாடகைக் காரை ஸ்டேடிய வாசலுக்கு அழைக்காதீர்கள், விலையும் பலமடங்கு, வண்டியும் வந்து சேராது. ஒரு கிலோமீட்டர் நடந்து உட்புறச் சாலைக்கு வந்தபின் அழையுங்கள்.

இரவில் காதில் மெல்லிய ரீங்காரம் இருக்கலாம். அன்றிரவும் மறுநாளும் ஹெட்போனைத் தொடாமல் காதுக்கு ஓய்வு கொடுங்கள். இரண்டு நாட்களுக்குப் பிறகும் ரீங்காரம் அடங்கவில்லை, அல்லது ஒரு காது அடைத்தாற்போல் மந்தமாகக் கேட்கிறது என்றால், தானாகச் சரியாகும் என்று தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரெனக் கேட்கும் திறன் குறைவதற்கு முதல் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சைதான் நன்றாகப் பலன் தருகிறது.